உழக்கும் கோலமும் பள்ளிக்கூடம் போகட்டும்

(வன்னியம்பட்டியில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் பெற்றோர்களுமாகக் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, போனஸ், பட்டா என்று பேசிப் பழகிய மேடையில் இன்று ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள கணக்குப் பாடத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "இதென்ன வாத்தியார் சங்கத்துக் கூட்டமா?" என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

மில்லில் சம்பளச் சீட்டு கொடுக்கிறார்கள். அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வந்து, பக்கத்து வீட்டுப் பையனிடம் நீட்டி, "எவ்வளவு பிடிச்சிருக்கு, பாருப்பா" என்று கேட்கிற தொழிலாளி நம்மில் எத்தனை பேர்? பி.எப்.புக்கு நூற்றுக்கு 12 ரூபாய். இ.எஸ்.ஐ.க்கு 2019 ஜூலையிலிருந்து நூற்றுக்கு முக்கால் ரூபாய். இரண்டுக்கும் 10,000 ரூபாயை வைத்துக் கணக்குப் போட்டால் 1,200-ம் 75-ம் ஆக 1,275 பிடித்தம். இதற்கு மேல் பிடித்திருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். கேட்பதற்கு முதலில் தெரிய வேண்டும்.

வயல்காட்டுத் தோழர்களுக்கும் இதே கதைதான். 2006-லிருந்து நடந்த நூறு நாள் வேலையில் மண் வெட்டிய அளவை வைத்துக் கூலி போட்டார்கள். 10 அடி நீளம், 10 அடி அகலம், ஓர் அடி ஆழம் வெட்டினால் 100 கன அடி. டேப் பிடிப்பவர் ஆழத்தை 12 அங்குலத்துக்குப் பதில் 10 அங்குலம் என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? "இரண்டு அங்குலம்தானே" என்று விட்டுவிடுகிறோம். அந்த இரண்டு அங்குலத்தில் கூலியில் ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது! ஆறு நாள் வேலை செய்துவிட்டு ஐந்து நாள் கூலியை வாங்கிக்கொண்டு போகிறோம்.

ஆகவே கணக்கு நம் சோற்றுப் பிரச்சினை. ஆனால் நம் குழந்தைகள் இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பிலேயே "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லப் பழகிவிடுகிறார்கள். நாமும் "நம்ம பரம்பரைக்கே கணக்கு வராது" என்று ஆமாம் போடுகிறோம். நம் பரம்பரைக்குக் கணக்கு வராது என்பது அப்பட்டமான பொய் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

பிரேசில் நாட்டில் ரெசீஃபெ என்று ஒரு துறைமுக நகரம். தெருவில் இளநீரும் பழமும் விற்கிற ஏழைக் குழந்தைகள் அங்கே உண்டு. 1985-இல் மூன்று ஆராய்ச்சியாளர்கள் அவர்களிடம் வாடிக்கைக்காரரைப் போலப் போய்ச் சாமான் கேட்டு, விலை கேட்டு, மீதிச் சில்லறை கேட்டுப் பார்த்தார்கள். நூற்றுக்கு 98 கணக்கு சரி! பிறகு அதே குழந்தைகளை உட்காரவைத்துக் காகிதமும் பென்சிலும் கொடுத்து, அதே எண்களைப் பள்ளிக்கூடத்துப் பாணியில் எழுதிப் போடச் சொன்னார்கள். நூற்றுக்கு 37 தான் சரி. குழந்தை அதே குழந்தை, எண்ணும் அதே எண்.

பிரேசில் கதை நமக்கு எதற்கு என்பீர்கள். 2025-இல், நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோரும் வேறு சிலரும் சேர்ந்து, கல்கத்தாவிலும் டில்லியிலும் மார்க்கெட்டில் வியாபாரம் செய்கிற 1,400-க்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்து வெளியிட்ட ஆராய்ச்சியும் இதையே சொல்கிறது. மனக்கணக்கில் புலி, பாடக்கணக்கில் பூனை. அதோடு இன்னொன்றையும் கண்டார்கள். பள்ளிக்கூடத்தில் எழுதிப் போடுகிற கணக்கை நன்றாகப் போட்ட பிள்ளைகள் மார்க்கெட் கணக்கில் விழித்தார்கள். இந்தக் கணக்கு அந்தப் பிள்ளைகளுக்கு வரவில்லை. அந்தக் கணக்கு இந்தப் பிள்ளைகளுக்கு வரவில்லை. நடுவிலே பாலம் இல்லை.

"அப்படியானால் பிள்ளையைச் சந்தைக்கு அனுப்பினால் போதும், தானே கற்றுக்கொள்ளும்" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். குழந்தை வேலைக்குப் போவதை நாம் ஒருநாளும் ஏற்க முடியாது. தீப்பெட்டியைக் குரோஸ் குரோஸாக எண்ணி 144-ம் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்த சிறுவர் சிறுமியர் சிவகாசிப் பக்கம் எத்தனை ஆயிரம் பேர்! அந்தப் படிப்புக்கு அவர்கள் கொடுத்த விலை நம் ஜில்லாவுக்கு நன்றாகத் தெரியும். நாம் கேட்பது, வீட்டிலும் தெருவிலும் இருக்கிற கணக்கு பள்ளிக்கூடத்துக்குள் வர வேண்டும் என்பது. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டுத் தெருவுக்குப் போக வேண்டும் என்பதல்ல.

என்ன கணக்கு இருக்கிறது நம் வீட்டில்? பானைக்குப் பக்கத்தில் பாருங்கள். ஆழாக்கு, உழக்கு, உரி, படி. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. பாட்டிமார் இன்றும் இப்படித்தான் அரிசி அளந்து உலை வைக்கிறார்கள். மூன்றாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் பின்னம் என்று ஒரு பாடம் வருகிறது. கணக்கைக் கண்டு குழந்தை முதன்முதலில் பயப்படுகிற இடம் பெரும்பாலும் அதுதான். வட்டம் போட்டு, கோடு கிழித்து, ஒரு துண்டுக்கு வர்ணம் அடித்து, "இது எட்டில் ஒன்று" என்று காட்டுவார்கள். எட்டு நான்கைவிடப் பெரிது, ஆனால் எட்டில் ஒன்று நான்கில் ஒன்றைவிடச் சிறிது என்றால் குழந்தை குழம்பாமல் என்ன செய்யும்?

அதே குழந்தையிடம் ஆழாக்கையும் உழக்கையும் கொடுத்து, தண்ணீரோ மணலோ அள்ளிப் படியில் ஊற்றச் சொல்லுங்கள். எட்டு ஆழாக்கு ஊற்றினால் படி நிரம்புகிறது. நான்கு உழக்கிலே நிரம்பிவிடுகிறது. எது பெரிது என்று அதன் கையே சொல்லிவிடும். ஓர் உரியும் ஓர் உழக்கும் சேர்ந்தால் முக்கால் படி என்று கண்ணால் கண்ட பிள்ளைக்கு, அரையும் காலும் கூட்டினால் முக்கால் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. பிறகு பலகையில் எழுதுங்கள், எண்ணாகவே எழுதுங்கள். எழுத்து வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எழுத்து பின்னால் வரட்டும் என்கிறோம்.

தமிழில் இன்னொரு விசேஷம். பின்னத்தின் பெயருக்குள்ளேயே கணக்கு இருக்கிறது. காலில் அரை, அரைக்கால். அதாவது எட்டில் ஒன்று. அதில் பாதி மாகாணி, வீசம் என்றும் சொல்வார்கள், பதினாறில் ஒன்று. இருபதில் ஒன்று மா. அதில் பாதி அரைமா, நாற்பதில் ஒன்று. எண்பதில் ஒன்று காணி. முன்னூற்றிருபதில் ஒன்று முந்திரி. முந்திரி வரை ஜனங்கள் பேர் வைத்திருந்தார்கள் என்றால், அவ்வளவு நுணுக்கமாகப் பங்கு பிரிக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருந்தது என்று அர்த்தம்.

எண்ணுப் பெயரும் அப்படித்தான். பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும். இருபத்து மூன்று என்றால் இரண்டு பத்தும் மூன்றும். பத்து, ஒன்று என்ற இடமதிப்பு வார்த்தையிலேயே நிற்கிறது. (ஒன்பதும் தொண்ணூறும் கொஞ்சம் அடம் பிடிக்கும், அது வேறு விஷயம்.) இங்கிலீஷில் 'லெவன்', 'ட்வெல்வ்' என்னும்போது அந்தப் பத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று நம் குழந்தை எப்படிக் கண்டுபிடிக்கும்? 2012–13 முதல் சர்க்கார் பள்ளிகளிலும் இங்கிலீஷ் மீடிய வகுப்புகள் வந்தன. இங்கிலீஷ் கற்கட்டும், நாம் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் எண்ணை முதன்முதலாகப் பிடிக்கிற வயதில் அதை அன்னிய பாஷையில் பிடி என்று சொல்வது, நீச்சல் பழகுகிறவன் காலில் கல்லைக் கட்டுவது போல.

இவ்வளவு இருந்தும் இந்தக் கணக்கு ஏன் நம் கையை விட்டுப் போயிற்று? உண்மையில் அது நம் கையில் முழுசாக இருந்ததே இல்லை, தோழர்களே. இதைச் சொல்லாமல் பழம்பெருமை மட்டும் பேசினால் அது பாதிப் பொய்.

அந்தக் காலத்தில் ஊர்தோறும் திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்தது. மணலில் விரலால் எழுதி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்று வரிசையாக மனப்பாடம் செய்வார்கள். நெல்லிலக்கம் நெல் அளக்க, குழிமாற்று நிலம் அளக்க. டி. செந்தில் பாபு என்ற ஆராய்ச்சியாளர் இந்தச் சுவடிகளையும் பழைய ஆவணங்களையும் ஆராய்ந்து 2022-இல் ஒரு பெரிய நூலே வெளியிட்டிருக்கிறார். திண்ணைப் பள்ளியின் சாமர்த்தியத்தை வெள்ளைக்காரனும் பார்த்தான். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னை எழும்பூரில் அனாதைப் பள்ளி நடத்தியபோது, மணலில் எழுதுகிற வழியை நம்மவர்களிடம் கண்டு எடுத்துக்கொண்டார். மூத்த பையன் இளைய பையனுக்குச் சொல்லித்தருகிற ஏற்பாட்டையும் அங்கே நடத்தினார். 1797-இல் இங்கிலாந்தில் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று அங்கே அது பரவியது.

சரி, அந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள்? 1822-இல் கவர்னர் மன்றோ கணக்கெடுக்கச் சொன்னார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி சென்னை ராஜதானி முழுவதிலும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். ஜனத்தொகையோ 1 கோடியே 28 லட்சத்துக்கு மேல். அந்த மாணவர்களில் பெண்கள் 4,540 பேர். பண்ணையில் உழைத்த சேரிப் பிள்ளைக்குத் திண்ணையில் இடம் ஏது? நெல்லை விளைவித்தவன் ஒருவன், நெல்லிலக்கம் படித்தவன் இன்னொருவன். படித்தவன் கணக்குப்பிள்ளையானான். அவன் சொன்னதுதான் கணக்கு.

களத்துமேட்டிலே என்ன நடந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள். முதல் மரக்காலை 'லாபம்' என்று சொல்லி ஆரம்பிப்பார்கள். 'ஒன்று' என்று சொல்ல மாட்டார்கள். யாருக்கு லாபம்? வாங்குவதற்கு ஒரு மரக்கால், கொடுப்பதற்கு ஒரு மரக்கால். வாரம் வாங்கும்போது கும்பமாகக் குவித்து அளப்பார்கள், கூலி போடும்போது தலை வழித்து அளப்பார்கள். பெயர் ஒன்றுதான், மரக்கால். இந்த அநியாயம் நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமல்ல. பிரெஞ்சு தேசத்தில் 1789-இல் புரட்சி வெடிப்பதற்கு முன், ஊர் ஊராகக் குறை கேட்டு எழுதி வாங்கினார்கள். அதில் குடியானவர்கள் திரும்பத் திரும்ப எழுதிய குறைகளில் ஒன்று, பிரபு வைத்திருக்கிற அளவைப் பற்றியது. ஒரே அளவு வேண்டும் என்று கேட்டார்கள். மீட்டரும் கிலோவும் பிறந்த கதையில் அந்தக் குடியானவனின் கோபமும் இருக்கிறது.

தஞ்சை ஜில்லாவில் 1944-இல் களப்பாலில் பண்ணையாட்கள் எழுந்து நின்றார்கள். பி. சீனிவாசராவ் அவர்களை ஒன்று திரட்டினார். மிராசுதார்கள் இறங்கிவந்து செய்துகொண்ட ஒப்பந்தத்தில், சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்பதோடு இன்னொரு ஷரத்தும் சேர்ந்தது: கூலி நெல்லை முத்திரை போட்ட மரக்காலில் அளக்க வேண்டும்! அடிக்காதே என்பதற்குப் பக்கத்திலேயே, அளவை ஏமாற்றாதே என்று எழுதிவைத்தார்கள், எழுத்தறியாத அந்த ஜனங்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து போனார்களே, அந்தப் பகையின் பின்னணியிலும் இருந்தது கூலியில் அரைப்படி நெல் கூடுதல் கேட்ட கோரிக்கை. அரை என்ற பின்னத்தைப் பாடம் நடத்துகிற வாத்தியாருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

1957 ஏப்ரல் முதல் தேதி காசு தசமமாயிற்று. ரூபாய்க்கு 16 அணா என்பது போய் 100 நயா பைசா வந்தது. 1958 அக்டோபர் தொடங்கி எடையும் அளவும் படிப்படியாக மெட்ரிக் ஆயிற்று. இது உழைப்பாளிக்கு நல்லது. எந்தக் கடையிலும் ஒரே கிலோ. எனவே உழக்கைத் திரும்பக் கடைக்குக் கொண்டுவா என்று நாம் கேட்கவில்லை. வகுப்புக்குள் கொண்டுவா என்கிறோம். வாத்தியார் கெட்டிக்காரராக இருந்தால், இரண்டு வீட்டுப் படியைக் கொண்டுவரச் சொல்லி, ஒன்றில் இருப்பதை ஒன்றில் கொட்டிக் காட்டுவார். இரண்டும் சமமாக இராது. ஏன் எல்லோருக்கும் ஒரே அளவு வேண்டும் என்று பிள்ளைகளே கேட்பார்கள். லிட்டரை அங்கே அறிமுகம் செய்யலாம்.

அடுத்து, வாசலுக்கு வருவோம். தாய்மார்களே, உங்களைத்தான்! மார்கழியில் விடியுமுன் எழுந்து கோலம் போடுகிறீர்கள். "ஏழு புள்ளி, ஊடுபுள்ளி, நாலில் நிறுத்து" என்று ஒருத்தி சொன்னால் மற்றவள் உடனே வைத்துவிடுவாள். மொத்தம் எத்தனை புள்ளி? நடுவிலே 7; மேலே 6, 5, 4; கீழேயும் 6, 5, 4. கூட்டினால் 37. இப்போது "ஐந்து புள்ளி, ஊடுபுள்ளி, ஒன்றில் நிறுத்து" என்று வைத்துப் பாருங்கள். 1, 2, 3, 4, 5, 4, 3, 2, 1. மொத்தம் 25. அதாவது ஐயைந்து! கூட்டாமலே சொல்லலாம். எப்படி? தலையைச் சாய்த்துக் கோலத்தைப் பாருங்கள். சாய்வாக ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து புள்ளி. பத்துப் புள்ளிக் கோலமானால் 100. பெருக்கல் என்றால் என்ன என்று இதைவிட எந்தப் புத்தகம் அழகாகக் காட்டும்?

நேர்புள்ளிக் கோலத்தில் வேறு வேடிக்கை. 1, 3, 5, 7 என்று ஏறும். ஒன்றும் மூன்றும் 4. ஐந்தைச் சேர்த்தால் 9. ஏழைச் சேர்த்தால் 16. இரண்டிரண்டு, மும்மூன்று, நாலுநாலு! ஒற்றை எண்களைக் கூட்டிக்கொண்டே போனால் இப்படித்தான் வரும் என்று ஹைஸ்கூலில் சூத்திரமாகப் படிக்கிறார்கள். நம் வாசலில் அது மாவாகக் கிடக்கிறது, நாம் மிதித்துக்கொண்டு போகிறோம். ஒன்று சொல்ல வேண்டும். பள்ளியில் இதைச் செய்யும்போது பெண் பிள்ளைகள் போட, பையன்கள் வேடிக்கை பார்ப்பது என்றிருக்கக் கூடாது. பையன்களும் குனியட்டும்.

இது விளையாட்டுப் பேச்சு என்று நினைக்காதீர்கள். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணியும் அவரோடு சேர்ந்தவர்களும் கம்பிக் கோலம் எந்த விதிப்படி வளர்கிறது என்று ஆராய்ந்து, கம்ப்யூட்டருக்குப் படம் வரையச் சொல்லித்தரும் இலக்கணத்தோடு இணைத்து 1974-இல் வெளியிட்டார்கள். உலகம் முழுவதும் அதைப் படித்தார்கள். ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாடு 1975-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து விடுதலை பெற்றது. உங்களுக்குக் கணக்கு வராது என்று வெள்ளையர் சொல்லிச் சொல்லி நம்பவைத்த ஜனங்கள் அவர்கள். அங்கே ஆசிரியர்களுக்குக் கணக்குச் சொல்லித்தந்த பாலஸ் கெர்டஸ் என்பவர் கூடை முடைகிறவர்களிடமும் வீடு கட்டுகிறவர்களிடமும் போய் உட்கார்ந்தார். ஒரு பின்னலுக்குள் என்ன கணக்கு இருக்கிறது என்று எடுத்துக் காட்டி, அதையே வகுப்பில் பாடமாக்கினார். அங்கோலாவில் சோக்வே ஜனங்கள் மணலில் புள்ளி வைத்து, அதைச் சுற்றி விரலை எடுக்காமல் கோடு இழுத்துக் கதை சொல்வார்கள். சோனா என்று பெயர். பார்த்தால் நம் ஊர்க் கம்பிக் கோலத்துக்கு அக்காள் தங்கை மாதிரி இருக்கும்! கெர்டஸே இந்த ஒற்றுமையைப் பற்றி எழுதியிருக்கிறார்.

தாயக்கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பித்தளைக் கட்டை. ஒவ்வொன்றிலும் நாலு பக்கம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. விழக்கூடிய விதம் நாநான்கு பதினாறு. அதில் தாயம் விழுவது இரண்டு விதத்தில், ஐந்து இரண்டு விதத்தில், ஆறு ஒரே விதத்தில், இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டு ஒரே விதத்தில். மூன்று மட்டும் நாலு விதத்தில் விழும். அதனால்தான் வேண்டாத நேரத்தில் மூன்றாக விழுந்து தொலைக்கிறது. நான்காம் வகுப்புப் பிள்ளைகளை 160 தடவை உருட்டிக் கோடு போட்டுக்கொள்ளச் சொன்னால், தாயம் சுமார் இருபது தடவையும் பன்னிரண்டு சுமார் பத்துத் தடவையும் வரும். சரியாக இருபது வராது. ஏன் வராது என்பதும் பாடம். "எனக்கு ராசி இல்லை" என்ற பேச்சு அந்த வகுப்போடு போய்விடும். 2003-இல் லாட்டரிச் சீட்டுத் தடை செய்யப்படும் வரை நம் தொழிலாளி வீட்டுப் பணம் எவ்வளவு அதிலே கரைந்தது! பதினாறில் ஒன்றே எவ்வளவு அபூர்வம் என்று கையால் உருட்டிப் பார்த்தவன், லட்சத்தில் ஒன்றை நம்பி நாள் கூலியை நீட்ட மாட்டான்.

ராஜபாளையத்துத் தோழர்கள் 'நம்பர்' என்கிறீர்களே, 40-ம் நம்பர் நூல், 60-ம் நம்பர் நூல் என்று, அது என்ன? 840 கெஜம் நீளமுள்ள நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் வருகிறதோ, அதுவே நம்பர். 40-ம் நம்பர் ஒரு பவுண்டில் 40 சிட்டம், 33,600 கெஜம், 19 மைல்! ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இழுத்துக்கொண்டு போய், திரும்பியும் வந்து, இன்னும் மிச்சம் இருக்கும். நம்பர் ஏற ஏற நூல் மெலிகிறது. ஒன்று ஏறினால் ஒன்று இறங்கும் என்கிற கணக்கைப் புத்தகத்தில் படித்து மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஸ்பின்னிங்கில் வேலை செய்கிற அப்பாவின் பிள்ளைக்கு இது இரத்தத்தில் ஊறியது. சத்திரப்பட்டியில் மருத்துவமனைக் கட்டுத்துணி நெய்கிற வீடுகளும் அப்படித்தான். ஒரு நாள் அப்பாவை வகுப்புக்கு அழைத்து ஒரு கோனைக் கையில் கொடுத்துப் பேசச் சொன்னால் என்ன கெட்டுப்போகும்? அரை மணி நேரம் நம் ஆள் வாத்தியாராக நிற்பதைப் பிள்ளை பார்க்கட்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் 192 அடி என்று ஊரே சொல்கிறது. கும்பிடுகிறவர்கள் கும்பிடட்டும், அளந்து பார்க்க யார் தடை? ஒரு குச்சியை நட்டு, குச்சியின் நிழலையும் கோபுரத்தின் நிழலையும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். குச்சி அதன் நிழலைப் போல் எத்தனை மடங்கோ, கோபுரமும் அதன் நிழலைப் போல் அத்தனை மடங்கு. ஆனால் சுவர் ஓரத்திலிருந்து அளந்தால் கணக்கு உதைக்கும். உச்சி இருப்பது நடுவில். ஆகவே அடிப்பாகத்தின் நடுவிலிருந்து அளக்க வேண்டும். இந்த இடத்தில் வகுப்பு முழுவதும் தவறும். தவறிய பிறகு கண்டுபிடிக்கட்டும், ஆசிரியர் அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது.

இனி எச்சரிக்கையாக ஒரு வார்த்தை. பண்பாடு, பாரம்பரியம் என்றவுடன் சிலர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, உலகத்தில் இல்லாத கணக்கெல்லாம் நம் முன்னோர் ஓலையில் எழுதிவைத்தார்கள் என்று கிளம்பிவிடுகிறார்கள். செங்கோண முக்கோணத்தின் சாய்ந்த பக்கத்துக்கு ஒரு பழைய வழி சொல்லப்படுகிறது: நீளத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழி, அகலத்தில் பாதியைக் கூட்டு. நீளம் 4, அகலம் 3 என்றால் சரியாக 5 வருகிறது. 12-ம் 5-ம் என்றால் 13 வருகிறது. பைத்தாகரசை மிஞ்சிவிட்டோம் என்று ஒரே ஆரவாரம்! 10-க்கு 10 சதுரத்தில் போட்டுப் பாருங்கள். பழைய வழியில் 13.75, உண்மையில் 14.14. தச்சனுக்கும் கொத்தனுக்கும் அவசரத்துக்கு நல்ல வழி, ஆனால் எல்லா இடத்துக்கும் பொருந்துகிற விதி அல்ல. காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தைப் பிளக்காமலே சுளையை எண்ண ஒரு வழி உண்டு: காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகு. நல்லது. மலையடிவாரத்தில்தானே இருக்கிறோம், பலாப்பழத்துக்கா பஞ்சம்? நாலைந்து பழம் கொண்டுவந்து முள்ளை எண்ணி எழுதிவைத்து, பிறகு அறுத்துச் சுளையை எண்ணிப் பார்க்கட்டும். சரியாக வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும் சுளை வாய்க்குள் போகும். முன்னோர் சொன்னதைச் சோதித்துப் பார்க்கிற பிள்ளைதான் நாளைக்கு மேஸ்திரி சொன்னதையும் சோதித்துப் பார்க்கும்.

சில பெற்றோர் கேட்கிறார்கள்: "பணக்காரன் பிள்ளை கம்ப்யூட்டர் படிக்கிறான், என் பிள்ளை உழக்கும் கோலமுமா படிக்கணும்?" நியாயமான கேள்வி. நாட்டுப்புறக் கணக்கோடு நிறுத்திவிட்டு, அது போதும் உனக்கு என்று சொன்னால் அது வஞ்சனை. அதை நாமே எதிர்ப்போம். பணக்காரப் பிள்ளை படிக்கிற அதே பாடம், அதே பரீட்சை, அதே உயரம் நம் பிள்ளைக்கும் வேண்டும். ஏறுகிற ஏணியின் முதல் படி நம் வீட்டு வாசலில் இருக்கட்டும் என்பதே கோரிக்கை. 2005-இல் வந்த தேசியக் கலைத்திட்டமும் குழந்தையின் வாழ்க்கையிலிருந்து கணக்கைத் தொடங்கச் சொல்லிற்று. 2022-இல் நம் ராஜ்யத்தில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் பாட்டு, ஆட்டம், பொருள் வைத்துச் சொல்லித்தர வழி செய்தது. வழி திறந்திருக்கிறது. ஆனால் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்றால், அவரும் பாதி நேரம் பதிவேடு நிரப்புகிறார் என்றால், எந்தத் திட்டம் நடக்கும்? ஆசிரியர்களைக் குறை சொல்வது சுலபம். அவர்களுக்காகவும் நாம் பேச வேண்டும்.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு சர்க்கார் பள்ளியிலும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். முக்கால் பங்கு என்றால் நாமே பெரும்பான்மை. ஆனால் கூட்டத்துக்குப் போகிறோமா? கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வருகிறோம். அடுத்த கூட்டத்துக்கு வன்னியம்பட்டியிலிருந்து போகிற தாய்மார்கள் ஆளுக்கொரு அளவுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போங்கள். ஆழாக்கு முதல் படி வரை ஒரு வரிசை, அதோடு ஒரு லிட்டர் அளவை. தாயக்கட்டை இரண்டு ஜோடி. நூற்புத் தோழர்கள் வெவ்வேறு நம்பரில் நாலு கோன். பல்லாங்குழிப் பலகை யார் வீட்டுப் பரணிலாவது கிடக்கும். குழி பதினான்கு, குழிக்கு ஐந்து முத்து போட்டால் 70, ஆறு போட்டால் 84, வாய்ப்பாடு அதிலேயே இருக்கிறது. நிலத்துக்கு 100 அடிக் கயிறு ஒன்று போதும். மூன்று சென்ட் மனை என்றால் 1,306 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கயிறு பிடித்து நம் தெருவில் ஒரு வீட்டு மனையை அளந்து, பட்டாவில் எழுதியிருப்பதோடு ஒத்துப் பார்க்கட்டும். குறைந்தால் தாலுக்கா ஆபீசில் மனுக் கொடுக்கிற வேலையை நாம் பார்த்துக்கொள்கிறோம்.

பொருள்களைச் சேர்க்கிற பொறுப்பை இந்தத் தெருவில் மூன்று பேர் எடுத்துக்கொள்ள வேண்டும். குறைந்தது இரண்டு பேர் பெண்களாக இருக்கட்டும். பெயர் கொடுக்கிறவர்கள் கூட்டம் கலைவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.